பற்று யாருடைய பொறுப்பு?

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், பொள்ளாச்சி செல்லும் சாலையில் அமைந்துள்ளது கொழிஞ்சாம்பாறை. தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் அம்மண்ணில் நிலக்கடலை பயிரிடும் விவசாயி, உழவு முதல் அறுவடை வரை தம் உழைப்பின் முழு வடிவத்தையும் காண்கிறார். ஆழியாற்று நீர் தாமதமானாலும் அவர் நிலத்தை வெறுப்பதில்லை.

அவருடைய மகன் கோயம்புத்தூரில் மென்பொருள் பொறியாளராக இருப்பதாகக் கொள்வோம். ஊதியம் தந்தையின் வருவாயைவிட அதிகம். ஆயினும் இரண்டே ஆண்டுகளில் அவர் மனம் வேறு நிறுவனத்தைத் தேடுகிறது. காரணம் பேராசை மட்டும்தானா?

பெரியதொரு நிரலின் சிறு துண்டு மட்டுமே அவர் கையில் உள்ளது. அது யாருக்குப் பயன்படுகிறது என்பது அவருக்குத் தெரியாது. எப்படிச் செய்வது என்பதையும் பிறரே தீர்மானிக்கின்றனர். 1970களில் ஹேக்மன், ஓல்டம் என்ற அமெரிக்க அறிஞர்கள், வேலைக்கு உயிரூட்டும் ஐந்து பண்புகளைக் கூறினர்: பல்வகைத் திறன், முழுமை, பிறருக்குப் பயன், சுதந்திரம், விளைவை அறிதல். நிறுவனப் பற்றும் ஒரே வகையானதன்று என்று 1991-இல் மேயர், ஆலன் என்போர் விளக்கினர். அன்பால் தங்குபவர் உண்டு. இழப்புக்கு அஞ்சித் தங்குபவர் உண்டு. கடமையுணர்வால் தங்குபவரும் உண்டு. ஊதிய உயர்வு ஒருவரை இருக்கையில் அமர்த்தலாம். வேலையை நேசிக்க வைப்பது அதற்கு அரிது.

இங்கே ஒரு கேள்வி எழலாம். 'பலனில் பற்றின்றிச் செயல்புரியச் சொல்கிறதே கீதை! அப்படியானால் எந்த வேலையையும் முணுமுணுக்காமல் செய்ய வேண்டியதுதானே?' மிதிலையில் இறைச்சி விற்ற தர்மவியாதனின் கதையைச் சுவாமி விவேகானந்தர் தமது கர்மயோகச் சொற்பொழிவுகளில் எடுத்துக்காட்டினார். தொழில் எளியது என்பது ஞானத்திற்குத் தடையாகவில்லை. உண்மைதான். ஆனால் அந்த வியாதன் தான் செய்வது இன்னதென்று அறிந்தே செய்தான். யாருக்காக உழைக்கிறோம் என்பதும் அவனுக்குத் தெரியும்.

பற்றின்மை என்பது ஒருவர் தாமே விரும்பி ஏற்கும் சாதனை. பிறர்மீது சுமத்தும் சட்டமன்று. தலைவர் அதைத் தொண்டருக்கு உபதேசித்துத் தம் கடமையிலிருந்து நழுவ இயலாது. ஒருவரையொருவர் பேணி உயர்வதையே கீதையின் மூன்றாம் அத்தியாயம் வேள்வியின் இலக்கணமாகக் காட்டுகிறது.

ஆகவே, உழைப்பின் பொருளைப் பணியாளர் காணும்படி வேலையை அமைப்பது நிர்வாகியின் தர்மம். 'என் உழைப்பால் யார் பயனடைகிறார்?' என்று தேடிக் காண்பது பணியாளரின் தர்மம். இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் வேலை வழிபாடாகிறது.