காந்தம் நிற்காத இடம்

பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் அது. பெயிண்டில் கீறல் விழக் கூடாதென்று மேஸ்திரி அதைத் துணியில் முடிந்து வைத்திருந்தார். முன் மட்கார்டில் வைத்தார், கப்பென்று பிடித்தது. கதவில் வைத்தார், பிடித்தது. கதவுக்கு அடியில், முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம்வரை ஓடுகிற பகுதியில் வைத்துவிட்டுக் கையை எடுத்தார். காந்தம் வழுக்கிக்கொண்டு தரையில் விழுந்தது. நாலு விரற்கடை தள்ளி வைத்தார். அங்கேயும் விழுந்தது.

"பட்டிங்க சார். உள்ள தகடே இல்லீங்க."

மேட்டுப்பாளையத்திலிருந்து இதற்காகவே அவரை அழைத்துப் போயிருந்தேன். வண்டி குன்னூர்ப் பக்கம் ஒரு வீட்டு ஷெட்டில் நிற்கிறது. 1960களின் கடைசியில் வந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், மார்க் 3. தேயிலைத் தோட்டத்தில் மேனேஜராக இருந்த நண்பனின் மாமனார் வைத்திருந்தது. அவர் இல்லை, வீட்டை விற்கிறார்கள். "உனக்குன்னா சும்மாவே எடுத்துக்கோடா. ஆனா சரி பண்ணி ஓட்டுவேன்னா மட்டும். இல்லைன்னா எடைக்குப் போட்டுடறோம்" என்றான் நண்பன். விலை சொல்லியிருந்தால் பேரம் பேசி, படியாமல், நிம்மதியாக மலையிறங்கியிருப்பேன்.

பானட்டில் துரு இருந்தது. டிக்கியில் கை போகிற அளவுக்கு ஓட்டை இருந்தது. அதையெல்லாம் போகும்போதே எதிர்பார்த்துத்தான் போனேன். என்னை அரிப்பது அந்தக் கீழ்ப்பகுதி. வண்டியிலேயே பார்க்க நன்றாக இருந்த இடம் அதுதான். மடிப்பு நேராக, பெயிண்ட் உப்பாமல், வெளிச்சம் விழுந்தால் ஒரே கோடாக ஓடியது. காந்தம் மட்டும் விழுந்தது.

மேஸ்திரி ஸ்க்ரூ டிரைவரின் பின்பக்கத்தால் தட்டிக் காட்டினார். கதவில் 'டங்'கென்று கேட்டது, இங்கே 'தொத்'தென்று. ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்து வந்தது. கட்டைவிரல் கனத்துக்குப் பட்டி, அதன் உள்பக்கத்தில் காவி நிறத் தூள். "தேய்ச்சவன் கெட்டிக்காரனுங்க" என்று அந்தச் சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் குரலில் குறை சொல்கிற தொனி இல்லை, தொழில்காரனுக்குத் தொழில்காரன் கொடுக்கிற மரியாதைதான் இருந்தது.

அந்த இடம் ஏன் முக்கியம் என்பதற்குக் கொஞ்சம் விவரம் சொல்ல வேண்டும். ஸ்பிட்ஃபயர் நமக்கு ஒருவகையில் சொந்தக்கார வண்டி. சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ஆலையில் 1961 முதல் செய்த ஹெரால்டு பலருக்கு நினைவிருக்கும். இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலிக்காரரான ஜியோவானி மிக்கெலோட்டி. இரண்டிலும் முன்பக்கம் முழுக்க, மட்கார்டோடு சேர்ந்து, முன்னோக்கித் திறக்கும். ஹெரால்டில் சேஸிஸ் தனி, பாடி தனி. பாடியில் எங்கே துரு பிடித்தாலும் அடியிலுள்ள சேஸிஸ் தாங்கிக்கொள்ளும். ஸ்பிட்ஃபயருக்காக அந்தச் சேஸிஸைக் குறுக்கி, பக்கவாட்டு இரும்புகளை எடுத்துவிட்டார்கள். அந்தப் பாரத்தைச் சுமப்பது கதவுக்கு அடியில் பெட்டியாக மடித்த தகடு. தலைக்கு மேலே கூரையும் கிடையாது. ஆக, காந்தம் விழுந்த இடம்தான் வண்டியை வண்டியாக நிறுத்தி வைத்திருக்கிற இடம்.

அதை மாற்ற முடியாதா? முடியும். கதவு வாசலில் இரும்புப் பட்டையைக் குறுக்கே வெல்டு வைத்து இறுக்கிய பிறகு அடியை அறுக்க வேண்டும், இல்லையென்றால் நடுவில் தொய்ந்து கதவு சாத்தாது என்றார் மேஸ்திரி. புதுத் தகடுகளை இன்னமும் இங்கிலாந்தில் அடித்து விற்கிறார்கள். எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். "பிரிச்சாத்தானுங்க தெரியும்." எல்லாப் பட்டறையிலும் கேட்கிற பதில்தான். அன்றைக்கு அது வேறு மாதிரி காதில் விழுந்தது.

வண்டி நின்ற இடத்தில் முன்பு உர மூட்டைகள் அடுக்கியிருந்தார்களாம். பொட்டாஷ் என்று நாம் சொல்வது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு, அதாவது ஒருவகை உப்பு. நீலகிரியின் ஈரக்காற்றும் அந்த உப்பும் சேர்ந்தால் கடலோரத்துக்கும் மலைக்கும் வித்தியாசமில்லை. எனக்கு அது தெரியும். நான் வளர்ந்தது மண்டபத்தில்.

அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. மண்டபத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்தால் உள்ளங்கை காவியாகும். வாளியின் கைப்பிடி, கிணற்று ராட்டினம், கேட்டின் கீல், எதுவும் தப்பாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கழிவு ஆயில் தொட்ட துணியால் ஒவ்வொரு ஆரக்காலாகத் துடைப்பார். "இந்த ஊர்ல இரும்பு வாங்கறதே தண்டம்" என்பாள் அம்மா. அப்பா பதில் சொல்ல மாட்டார், அடுத்த ஆரக்காலுக்குப் போய்விடுவார். பாம்பன் பாலத்தில் ஆட்கள் கயிற்றில் தொங்கிக்கொண்டு வெள்ளி நிறப் பெயிண்ட் அடிப்பார்கள். எப்போது பார்த்தாலும் யாராவது அடித்துக்கொண்டிருப்பார்கள். பெயிண்ட் அடிப்பது முடியக்கூடிய ஒரு வேலை என்பதே சின்ன வயதில் எனக்குத் தெரியாது.

அந்தப் பாலத்தின் கதையை அப்பா அடிக்கடி சொல்வார். 1914-இல் திறந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது, பாலத்தின் 100-க்கும் மேற்பட்ட இரும்புக் கர்டர்களும் கடலுக்குள் போயின. கப்பலுக்கு வழிவிடத் திறக்கிற நடுப்பகுதி மட்டும் தப்பியது. ஆறு மாதத்தில் சரிசெய்யச் சொன்னது ரயில்வே. பின்னாளில் மெட்ரோவால் பெயர் பெற்ற ஸ்ரீதரன் அப்போது இளம் பொறியாளர், 46 நாளில் முடித்தார். கர்டர்கள் கிடக்கும் இடத்தை மீனவர்கள்தான் காட்டினார்கள், அவற்றைக் கடலிலிருந்து தூக்கி மறுபடி தூண்மேல் வைத்தார்கள் என்பார் அப்பா. உப்புத் தண்ணீரில் ஊறிய இரும்பு! அதைத் தூக்கி வைப்பதா, புதிதாகச் செய்வதா என்று யாரும் உட்கார்ந்து தத்துவம் பேசியதாகத் தெரியவில்லை. அந்தப் பக்கம் ஒரு தீவும் அதில் மனிதர்களும் இருந்தார்கள், அதுவே கணக்கைத் தீர்த்துவிட்டது. அதே பாலத்தில் 2022 டிசம்பரில் பாதுகாப்பு கருதி ரயிலை நிறுத்தினார்கள். பக்கத்திலேயே கட்டிய புதுப் பாலத்தை 2025 ஏப்ரலில் திறந்தார்கள். கடலிலிருந்து தூக்கியெடுக்கத் தகுதி பெற்ற இரும்புக்கு ஒருநாள் அந்தத் தகுதி போயிற்று. அப்போதும் தீவுதான் காரணம்.

இதை அளவுகோலாக வைத்தால் ஸ்பிட்ஃபயர் முதல் சுற்றிலேயே தோற்றுவிடும். அதன் அந்தப் பக்கம் எந்தத் தீவும் இல்லை. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், மழை வந்தால் நனையலாம்.

ஆனால் அந்த வண்டி பிறந்ததே தேவையால் இல்லை. எப்போதோ படித்தது, பாதிதான் நினைவில் நிற்கிறது. கவென்ட்ரியில் ட்ரையம்ஃப் ஆலைக்குப் பணமுடை. மிக்கெலோட்டி செய்துகொடுத்த மாதிரி வண்டியை ஒரு மூலையில் துணி போர்த்தி நிறுத்திவிட்டார்கள். 1961-இல் லேலண்ட் நிறுவனம் ஆலையை வாங்கியது. வாங்கியவர்கள் சுற்றிப் பார்க்க வந்தபோது யாரோ அந்தத் துணியைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். 1962 அக்டோபரில் லண்டன் கண்காட்சியில் வண்டி நின்றது. 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். துணியைத் தூக்கியவர் என்ன நினைத்தார் என்று எங்கும் படித்த நினைவில்லை. தேவை என்று நினைத்திருக்க மாட்டார்.

நான் மறுபடியும் பட்டிக்கே வந்து நிற்கிறேன். அதைப் பூசச் சொன்னது யார்? விற்பதற்காக யாரும் பூசவில்லை, நண்பனின் மாமனார் கடைசிவரை வண்டியை விற்கவே இல்லை. வெளிநாட்டு உதிரிபாகத்துக்கு லைசென்ஸ் கேட்டு அலைய வேண்டிய காலத்தில் தகடு எங்கே கிடைக்கும்? கிடைத்ததைக் கொண்டு மூடியிருக்கிறார்கள். அவருக்குத் தெரிந்து நடந்ததா, பட்டறைக்காரர் சொல்லாமல் செய்ததா? தெரிந்தேதான் ஓட்டினார் என்றால், அடியில் ஒன்றுமில்லாத வண்டியில் மலைப்பாதை வளைவுகளில் இறங்கியிருக்கிறார். நண்பனின் மாமியாரிடம் ஜாடையாகக் கேட்டேன். "அதுல ரேஸா விட்டாரு? உரக்கடைக்கும் கிளப்புக்கும் போனாரு" என்றார். எனக்கென்னவோ அந்தப் பதில் பிடித்திருந்தது. ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெயருக்குரிய எதையும் அந்த வண்டி செய்யவே இல்லை போலிருக்கிறது.

சரி, எல்லாம் அறுத்துப் புதுத் தகடு வைத்து ஓட்டுகிறேன் என்றே வைத்துக்கொள்வோம். 2021-இல் வந்த விதிப்படி, 50 ஆண்டைத் தாண்டிய வண்டியை 'விண்டேஜ்' என்று பதியலாம். எண் பலகையில் 'வி.ஏ.' என்று வரும், புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். வண்டி அசல் நிலையில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. கட்டைவிரல் கனத்துக்குப் பட்டி பூசிய வண்டி அசலா, அதை அறுத்துத் தகடு வைத்தது அசலா என்று நான் யாரிடம் போய்க் கேட்பது? இன்னொன்று, அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கு, ராலிக்கு, ஆராய்ச்சிக்கு, பராமரிப்புக்கு, பெட்ரோல் போடப் போகலாம். பெட்ரோல் பங்க் தூரமாக இருப்பது நல்லது. 'ஓட்டுவேன்னா மட்டும்' என்ற நண்பனின் நிபந்தனையும் இந்த விதியும் எங்கே ஒத்துப்போகும் என்று தெரியவில்லை.

பணக்கணக்கு பார்க்கச் சொல்கிறார்கள். வண்டியின் மதிப்பைவிடச் செலவு கூடினால் விட்டுவிட வேண்டுமாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்கும்போது இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. எனக்குத் தடையாக இருப்பது பணமில்லை, அல்லது பணம் மட்டுமில்லை. துரு முடிந்துபோன சம்பவமாக இருந்தால் ஒரு தடவை செலவழித்துத் தீர்த்துவிடலாம். அலுமினியத்தின் மேல் படிகிற படலம் அடியிலுள்ளதைக் காப்பாற்றும். இரும்பின் துரு அப்படியல்ல, பொரபொரவென்று ஈரத்தை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும், இடம் போதாமல் மடிப்புகளைப் பெயர்க்கும். புதுத் தகட்டிலும் அது தொடங்கும். அப்படியானால் நான் முடிவெடுக்க வேண்டியது ஒரு வண்டியைச் சரிசெய்வதைப் பற்றியா, ஞாயிற்றுக்கிழமைகளை ஒப்புக்கொடுப்பதைப் பற்றியா? அப்பா அந்தச் சைக்கிளை நேசித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். துடைத்தார், அவ்வளவுதான். அது எனக்கு வருமா?

வராது என்று சொல்லத்தான் வாய் வருகிறது. அதோடு நண்பனுக்கு போன் செய்து எடைக்குப் போடச் சொல்லியிருக்கலாம். பதிலாக, ஒரு பக்கத்தை மட்டும் பிரித்துப் பார்க்க மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறேன். அவர் சிரித்தார். அவர் பட்டறையின் பின்புறம் அப்படி ஒரு பக்கம் பிரித்த வண்டிகள்தான் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமையாளர் இருக்கிறார், யாரும் வேண்டாம் என்று சொன்னதுமில்லை, மேலே செய்யுங்கள் என்று சொன்னதுமில்லை. அவர்களில் ஒருவனாக ஆகிவிட மாட்டேன் என்று நண்பனிடம் சொல்லியிருக்கிறேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே புரியவில்லை.