தாய் சொல்லித்தராத மொழி

ஐரோப்பாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக லத்தீன் யாருக்கும் தாய்மொழியாக இருக்கவில்லை. வீட்டில் இத்தாலியமோ ஸ்பானியமோ ஆங்கிலமோ பேசிய சிறுவன், ஏழெட்டு வயதில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, ஆசிரியரின் பிரம்படிக்கு நடுவே அதைக் கற்றான். வால்டர் ஓங் என்ற அறிஞர் 1959இல் எழுதிய கட்டுரை ஒன்றில், மறுமலர்ச்சிக் காலத்து லத்தீன் கல்வியைச் சிறுவர்களை ஆண்களாக்கும் சடங்கு என்றே வர்ணித்தார். திருச்சபை, சட்டம், மருத்துவம், பல்கலைக்கழகம் எல்லாவற்றுக்கும் அந்த மொழியே வாசல். பெண்களைத் தடுக்கத் தனியாக ஒரு சட்டம் எழுத வேண்டிய தேவைகூட அதிகம் இல்லை. மொழியைச் சொல்லித்தராமல் விட்டாலே போதுமானதாக இருந்தது.

அப்படி ஒரு மொழியை ஒரு பெண் படிக்க விரும்புவதை எப்படிப் புரிந்துகொள்வது? பூட்டிய வீட்டின் சாவிக்கு ஆசைப்படுவது அந்தப் பூட்டை ஒப்புக்கொள்வதாகுமா? செவ்வியல் மொழி எதையும் கற்கும், கற்பிக்கும் பெண்ணுக்கு இது பழைய கேள்வி அல்ல.

பதினேழாம் நூற்றாண்டு மெக்சிகோவில் பிறந்த ஹுவானா இனெஸ் தெ லா குரூஸின் தாய் ஒரு பண்ணையை நிர்வகித்தவர். தன் உயிலில் கையெழுத்திடத் தெரியாதவர். மகளோ, ஆறேழு வயதில், ஆண் உடை போட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும்படி அந்தத் தாயை நச்சரித்தாள். அது நடக்கவில்லை. தாத்தாவின் நூல்களைத் தேடித்தேடிப் படித்தாள். லத்தீன் இலக்கணத்தை இருபது பாடங்கள் அளவுக்குத்தான் ஒருவரிடம் கேட்டதாகப் பின்னாளில் எழுதினார். தனக்குத்தானே அவர் வைத்துக்கொண்ட விதி நாம் அறிந்ததுதான்: தலைமுடியை நான்கைந்து விரற்கடை வெட்டிவிடுவது, அது வளர்ந்து பழைய அளவை எட்டுவதற்குள் குறித்த பாடத்தைக் கற்று முடிக்காவிட்டால் மீண்டும் வெட்டுவது. அறிவு இல்லாத தலைக்கு அலங்காரம் எதற்கு என்பது அவருடைய வாதம்.

இந்தக் கதையை மனவுறுதிக்கு உதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். எனக்கு அதில் உறுத்துவது வேறு. பிரம்பைப் பையன்களுக்கு ஆசிரியர் பிடித்தார். ஹுவானா தானே பிடித்துக்கொண்டார். வாசலில் நிற்கும் பெண் காவலாளியின் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது. தகுதியை நிரூபிப்பதற்கு முன்பே தண்டனையை ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. வீட்டு வேலையை முடித்துவிட்டு, தூக்கத்தை வெட்டிப் படிக்கும் நம் மாணவிகளுக்கு இந்தக் கணக்கு தெரியும்.

ஜார்ஜ் எலியட்டின் 'தி மில் ஆன் த ஃப்ளாஸ்' 1860இல் வெளிவந்தது. அதில் லத்தீன் இலக்கணம் டாம் என்ற பையனின் மண்டையில் ஏற மறுக்கிறது. பார்க்க வந்த தங்கை மேகிக்கு அதே புத்தகம் பிடித்துப்போகிறது. எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்குப் பின்னால் இருக்கும் கதைகளை அவள் கற்பனை செய்துகொள்கிறாள். பெண்களால் இதைப் படிக்க முடியுமா என்று கேட்டால், எதையும் மேலோட்டமாகச் சட்டென்று பிடிப்பார்கள், ஆழம் போகாது என்கிறார் ஆசிரியர். பையனின் தோல்விக்கு மருந்தாகப் பெண்ணின் திறமை சிறுமைப்படுத்தப்படுகிறது. புரியாமல் நின்றால் 'பெண்ணுக்கு மூளை இல்லை'. சட்டென்று புரிந்துகொண்டால் 'ஆழம் இல்லை'. எந்த விடையை எழுதினாலும் மதிப்பெண் கிடைக்காத தேர்வு இது.

சரி, வாசலைத் தாண்டி உள்ளே போனவளுக்கு அங்கே என்ன கிடைத்தது? முதலில், தன் இல்லாமை. ரோமானியப் பெண்ணுக்குத் தனக்கென்று ஒரு பெயர் அரிது. யூலியஸ் குடும்பத்து மகள் யூலியா; கொர்னேலியஸ் குடும்பத்து மகள் கொர்னேலியா; இரண்டு மகள்கள் என்றால் பெரியவள், சின்னவள். வீரம், மேன்மை என்று பொருள்படும் 'விர்தூஸ்' என்ற சொல், ஆண் என்று பொருள்படும் 'விர்' என்பதிலிருந்து பிறந்தது. 'ஆண்மை' என்று சொல்லும் நமக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. பத்துப் பெண்கள் இருக்கும் கூட்டத்தில் ஓர் ஆண் சேர்ந்தால் லத்தீனில் அந்தக் கூட்டமே ஆண்பால் பன்மையாகிவிடும். இந்த ஓர் இடத்தில் மட்டும் நம்முடைய பலர்பால் ஆறுதலாக இருக்கிறது.

அடுத்து, இலக்கியம். ஒவிட்டின் 'உருமாற்றங்கள்' காவியத்தில் துரத்தப்படும் பெண்கள் மரமாகிறார்கள், நாணலாகிறார்கள், விலங்காகிறார்கள். பிலோமெலாவை அவள் அக்காவின் கணவனே வன்புணர்ந்து, வெளியே சொல்லாமலிருக்க நாக்கை அறுக்கிறான். அவள் நடந்ததைத் துணியில் நெய்து அக்காவுக்கு அனுப்புகிறாள். 2015இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் சிலர், இந்தக் காவியத்தின் கதைகள் மொழியழகும் வருணனையும் மட்டுமே முன்னிறுத்தி நடத்தப்பட்டபோது, பாலியல் தாக்குதலுக்கு ஆளான ஒரு மாணவி வகுப்பில் பட்ட பாட்டை எழுதினார்கள். மாணவர்கள் ரொம்பவும் பூஞ்சையாகிவிட்டார்கள் என்று கேலியும் கிளம்பியது.

அந்த மாணவி இலக்கியத்துக்குத் தயாரில்லாதவள் என்று நான் நினைக்கவில்லை. அந்த வகுப்பில் பிரதியைச் சரியாக வாசித்தவள் அவள்தான். ஒவிட் பலவந்தம் என்று பொருள்படும் சொல்லை நேராகவே வைத்திருக்கிறார். அதை 'கவர்ந்தான்', 'இன்பம் கொண்டான்' என்கிற மாதிரிச் சொற்களால் மூடியவர்கள் பிற்கால மொழிபெயர்ப்பாளர்கள். 2022இல் ஸ்டெஃபனி மெக்கார்ட்டரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபோது, வல்லுறவை வல்லுறவு என்றே சொன்னதுதான் பெரிதும் பேசப்பட்டது. மூலத்தைவிட அவர் கடுமையாகச் சொல்லவில்லை. மூலத்தில் உள்ளதைச் சொன்னார், அவ்வளவுதான்.

இங்கேதான் இலக்கணம் ஓர் அறக்கேள்வியாகிறது. லத்தீனில், தமிழைப் போலவே, சொற்களை இடம் மாற்றிப் போடலாம். யார் செய்தார், யாருக்குச் செய்யப்பட்டது என்பதைச் சொல்வது வேற்றுமை ஈறுதான். வாக்கியத்தின் முதல் சொல்லாக ஒரு பெண் பெருமையாக நிற்கலாம். ஈற்றைப் பார்த்தால் அவள் செயப்படுபொருள். எழுவாய் கடைசியில் ஒளிந்திருக்கும். ஈறுகளை மனப்பாடம் செய்த மாணவியை வருணனையால் ஏமாற்ற முடியாது. 'அவள் கெடுக்கப்பட்டாள்' என்ற செய்தித்தாள் வாக்கியத்தைப் படித்ததும் எழுவாய் எங்கே என்று அவள் கேட்பாள். பெண்ணை விலக்க வைத்திருந்த கருவி, செய்தவனைச் சுட்டிக்காட்டும் கருவியாகவும் ஆகிறது.

எசமானின் கருவிகளால் எசமானின் வீட்டை இடிக்க முடியுமா என்று ஆட்ரி லார்ட் எழுப்பிய ஐயம் இங்கே வந்து நிற்கும். அதைத் தட்டிக்கழிக்க முடியாது. மெக்சிகோவின் த்லாதெலோல்கோவில் 1536இல் தொடங்கிய பிரான்சிஸ்கன் கல்லூரியில் பூர்வகுடிப் பிரபுக்களின் பையன்களுக்கு லத்தீன் சொல்லித்தந்தார்கள், பெண்களுக்கு இல்லை. ஹுவானா போன்றோர் வாழ்ந்த வசதியான கன்னியர் மடங்களிலோ அடிமைப் பெண்கள் வேலை செய்தார்கள். ஒருத்தி படிக்க இன்னொருத்தி அடுப்பெரித்தாள். பால், சாதி இரண்டின் பெயராலும் சமஸ்கிருதம் மறுக்கப்பட்ட மண்ணில் இருக்கும் நமக்கு, ஒரு பெண் உள்ளே போனதாலேயே வாசல் திறந்துவிடுவதில்லை என்பது தெரியும். 1678இல் பதுவாவில் எலெனா கொர்னாரோ பிஸ்கோபியா லத்தீனில் தேர்வுக்கு நின்று முனைவரானார். போலோன்யாவில் லௌரா பாஸி பட்டம் பெறுவதற்கு 1732 ஆகிவிட்டது.

எனினும் ஹுவானாவின் எழுத்தைப் படிக்கும்போது லத்தீனின் ஒரு வினை வகை நினைவுக்கு வருகிறது. வடிவத்தில் செயப்பாட்டுவினை, பொருளில் செய்வினை. 'பேசுகிறேன்' என்னும் 'லோக்வோர்' அத்தகையது. 'பாடுபடுகிறேன்' என்னும் 'பத்தியோர்' இன்னொன்று. 1690இல் ஓர் ஆயர், தன்னை ஒரு கன்னியாஸ்திரியாகக் காட்டிக்கொண்டு, உலகக் கல்வியைக் குறைத்துக்கொள்ளும்படி ஹுவானாவுக்கு எழுதினார். 1691இல் அவர் அளித்த பதில், பணிவும் தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் சொற்களும் நிறைந்தது. ஈறெல்லாம் செயப்பாடு. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் லத்தீன் மேற்கோள்களை அடுக்கி, கற்ற பெண்களைப் பட்டியலிட்டு, கற்பது தவறில்லை என்று நிறுவுகிறது. பேசியது அவர்தான். சில ஆண்டுகளில் அவர் நூல்களைக் கைவிட்டார்; 1695இல் கொள்ளைநோயில் சகோதரிகளுக்குப் பணிவிடை செய்து இறந்தார். பணிந்த வடிவம் அவரைக் காப்பாற்றவில்லை. பொருள் மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

தமிழுக்கும் இந்த மொழி வந்தது. சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் லத்தீனில் அச்சானது. வீரமாமுனிவர் குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார், காமத்துப்பாலை விட்டுவிட்டார். துறவியின் தயக்கம் என்று இதற்குக் காரணம் சொல்வது எளிது. ஆனால் குறளில் ஒரு பெண் தொடர்ந்து தன் குரலில் பேசும் பகுதி அதுதான். வாசலின் அந்தப் பக்கமும் எதைக் கடத்தலாம் என்று முடிவு செய்தது ஓர் ஆண் கைதான்.

ஹுவானா தன் பதிலில் சொன்ன ஒரு நடைமுறை யோசனையை அதிகம் பேசுவதில்லை. கற்ற முதிய பெண்கள் போதுமான அளவு இருந்தால், ஆண் ஆசிரியரால் ஆபத்து வருமென்று பயந்து தந்தையர் மகள்களைப் படிக்காமல் வைக்க வேண்டியிராது என்றார். பெண்ணிடமிருந்து பெண் கற்றால், பிரம்பும் கத்தரிக்கோலும் தேவைப்படாத இலக்கண வகுப்பு ஒன்று சாத்தியம் என்பதையும் நான் அதில் சேர்த்து வாசிக்கிறேன். தாய் சொல்லித்தராத மொழியைத் தோழி சொல்லித்தரலாம். அப்போது நன்னூல் நூற்பாவோ லத்தீன் வாய்ப்பாடோ, தகுதியைச் சோதிக்கும் சல்லடையாக இருக்காது. எழுவாயைத் தேடிக் கண்டுபிடிக்கும் பழக்கமாக அது மாறும். பூட்டைச் செய்தவன் யார் என்று தெரிந்துகொண்ட பிறகு சாவியைக் கையில் வைத்திருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதைத் தன்னிடமே வைத்துக்கொள்வதில்தான் இருக்கிறது.