முடிவை எங்கிருந்து எடுக்கிறோம்?

"முடிவு எடுத்தேன்" என்கிறோம். எடுப்பது என்றால், முன்பே ஓரிடத்தில் இருந்ததை எடுப்பதுதானே? அது எங்கே இருந்தது? நம் மொழியில் வேறொரு வழக்கும் உண்டு. "நான் நினைத்தேன்" என்று சொல்ல வேண்டிய இடத்திலும் "எனக்குத் தோன்றிற்று" என்றே பெரும்பாலும் சொல்கிறோம். அத்தொடரில் எழுவாய் நான் அல்லேன். எண்ணம் எங்கிருந்தோ வருகிறது. நான் அதனைப் பெற்றுக்கொள்கிறேன். (கணக்கு ஆசிரியையாக இருந்தவள் இலக்கணம் பேசுவதைத் தமிழாசிரியர்கள் பொறுத்தருள்க.)

இவ்வினாவை நான் பொழுதுபோக்காக எழுப்பவில்லை. நாற்பது ஆண்டுகளாக என்னுடன் இருந்துவரும் வினா இது.

1984ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். ஒன்பதாம் வகுப்பிற்கு நான் வகுப்பாசிரியை. முழு ஆண்டுத் தேர்வு முடிந்து, தேர்ச்சிப் பதிவேடு எழுதும் நாள். பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வில் பள்ளியின் விழுக்காடு குறைந்துவிடக் கூடாது; ஆகவே பலவீனமான பிள்ளைகளை மேலே அனுப்ப வேண்டா என்று தலைமையாசிரியை முன்னரே சொல்லியிருந்தார். ஒரு மாணவி கணக்கில் 32 மதிப்பெண் பெற்றிருந்தாள். மூன்று மதிப்பெண் குறைவு. அவளை அவ்வகுப்பிலேயே நிறுத்தினேன். அவள் நன்மைக்காகவே செய்கிறேன், அடித்தளம் உறுதிப்படட்டும் என்று மனமார நம்பினேன். ஆசிரியர் அறையில் இருந்தோர் யாரும் மறுத்துரைக்கவில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. வீட்டில் நிறுத்திவிட்டார்கள் என்று அறிந்தேன். அன்று பதிவேட்டை எடுத்து மீண்டும் பார்த்தேன். அதே பக்கத்தில் 31 மதிப்பெண் பெற்ற வேறொரு மாணவியை நான் தேர்ச்சி பெறச் செய்திருந்தேன். எழுதிய நாளில் இந்த வேறுபாடு என் கண்ணில் படவே இல்லை. நிறுத்தப்பட்டவளின் தாய், அதற்கு முந்தைய நாள் பள்ளிக்கு வந்து, பிறர் கேட்கும்படி, "இந்த டீச்சருக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியலை" என்று கூறிச் சென்றிருந்தார். அதனை நான் மறந்துவிட்டதாகவே எண்ணியிருந்தேன்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, வந்தவாசிப் பேருந்து நிலையத்தில் அப்பெண்ணைக் கைக்குழந்தையுடன் கண்டேன். தயங்கித் தயங்கி நடந்ததைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, "விடுங்க டீச்சர், என் தலையெழுத்து. நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

அந்தச் சொல்லில் எத்தனை ஆறுதல்! அதனை ஏற்றுக்கொண்டு பேருந்து ஏறியிருக்கலாம். ஏற முடியாமல் செய்தவர் சத்தாலபுத்தர் என்னும் குயவர்.

அவர் வரலாறு சுவேதாம்பர ஆகமங்களுள் ஒன்றாகிய உபாசகதசாவில் வருகிறது. நம் மரபினர் ஆகமமாக ஏற்கும் நூலன்று. ஆயினும் கதை யாவர்க்கும் பயன்படுவது. சத்தாலபுத்தர் மற்கலி கோசாலரைப் பின்பற்றிய ஆசீவகர். யாவும் நியதிப்படி நடப்பன, முயற்சி என்பது இல்லை என்பது அவர் கொள்கை. அவர் வெயிலில் உலர்த்த வைத்த பானைகளைக் காட்டி, இவை முயற்சியால் ஆனவையா, முயற்சியின்றி ஆனவையா என்று பகவான் மகாவீரர் வினவினார். முயற்சியின்றியே என்றார் குயவர். அப்படியானால், ஒருவன் இப்பானைகளை உடைத்தாலோ, உம் மனைவியிடம் முறைதவறி நடந்தாலோ என்ன செய்வீர் என்றார் பகவான். அடிப்பேன், கொல்லவும் செய்வேன் என்றார் அவர். யாவும் நியதியென்றால் உடைத்தவன் என்று ஒருவன் ஏது, அவனை அடிப்பதற்கு நியாயம் ஏது என்று பகவான் கேட்டபோது அவருக்குக் கண் திறந்தது. நம் நீலகேசியும் ஆசீவக வாதத்திற்கு ஒரு சருக்கத்தையே ஒதுக்கி அதனை மறுக்கிறது.

தன் பானை உடையும்போது நியதியை மறந்தார் குயவர். நானோ பிறர் பானையை உடைத்துவிட்டு நியதியை நினைக்கப் பார்த்தேன்.

தலையெழுத்து இல்லையென்றால் முடிவு முழுவதும் என்னுடையதா? தலைமையாசிரியையின் சொல் இல்லையா? வாளாவிருந்த ஆசிரியர்கள் இல்லையா? இங்கே ஆச்சாரியர் உமாஸ்வாமியின் தத்துவார்த்த சூத்திரம், ஆறாம் அத்தியாயம் எனக்குத் துணை நிற்கிறது. ஒரு செயல் எண்ணங்கொள்ளல், அதற்கானவற்றைத் திரட்டல், தொடங்கல் என மூன்று நிலைகளில் நிகழும். அது மனம், மொழி, மெய் என்னும் மூன்றன் வழியே நிகழும். தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படல் என மூவகைப்படும். வெகுளி, செருக்கு, வஞ்சம், பற்றுள்ளம் ஆகிய நான்கு கஷாயங்களால் தூண்டப்படும். பெருக்கினால் 108. செபமாலையின் மணிகளுக்கும் இதனையே பொருளாகச் சொல்வர்.

கணக்கு ஆசிரியை என்ற முறையில் எனக்கு வியப்பளிப்பது, இங்கே உள்ளது பெருக்கல் என்பது, வகுத்தல் இல்லை. செய்வித்தவர் ஒருவர் இருந்ததால் செய்தவளின் பங்கு மூன்றில் ஒன்றாகக் குறைவதில்லை. தலைமையாசிரியை செய்வித்தார்; அறையிலிருந்தோர் உடன்பட்டனர்; நான் செய்தேன். அவரவர் கணக்கு அவரவர்க்கு முழுமையாகவே நிற்கிறது. என் கணக்கில் நின்றது செருக்கு.

அப்படியானால் புறத்தே உள்ளவற்றுக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு. தருமத் திரவியத்துக்கு நம் நூல்கள் தரும் உவமையை இதற்கும் கொள்ளலாம். மீன் நீந்துவதற்கு நீர் வேண்டும். ஆனால் நீர் மீனைத் தள்ளுவதில்லை. அது நிமித்தம். நீந்துவது மீன். தலைமையாசிரியையின் சொல் நீராக இருந்தது. 31 மதிப்பெண் பெற்ற மாணவியைச் சுற்றியும் அதே நீர்தான் இருந்தது. அங்கே நான் நீந்தவில்லையே!

இக்கால அறிவியலும் இதனுள் நுழைந்திருக்கிறது. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் லிபெட் 1983இல் வெளியிட்ட ஆய்வில், விரும்பியபோது கையை அசைக்கும்படி சிலரிடம் கூறி, அவர்களது மூளையின் மின்மாற்றத்தை அளந்தார். அசைவுக்கு ஏறத்தாழ அரை நொடி முன்பே மாற்றம் தொடங்கியது. அசைக்க விரும்பியதாக அவர்கள் உணர்ந்ததோ ஐந்தில் ஒரு நொடி முன்புதான். முடிவு நமக்குத் தெரியுமுன்பே நடந்துவிடுகிறது என்று பலர் அதற்குப் பொருள் கொண்டனர். 2012இல் ஆரன் ஷுர்கர் முதலியோர், அம்மாற்றம் முடிவே அன்று, மூளையின் இயல்பான ஏற்றத்தாழ்வாக இருக்கலாம் என்று காட்டினர். கையசைவும் தேர்ச்சிப் பதிவேடும் ஒன்றல்ல என்பது என் கருத்து. என் முடிவு அரை நொடிக்கு முன் தொடங்கியதன்று. அதற்கு முந்தைய நாள் பிற்பகலில் தொடங்கியது. அல்லது, வகுப்பில் முதல் மாணவி என்று புகழ்ந்தே வளர்க்கப்பட்ட என் சிறுவயதில். ஆயினும் லிபெட் சொன்ன ஒன்று எனக்கு உவப்பானது. எழுந்த தூண்டுதலை, அது செயலாகுமுன் நிறுத்துவதற்குச் சிறிது நேரம் எஞ்சியிருக்கிறது என்றார் அவர்.

அவருக்குக் கிடைத்தது நொடியில் ஒரு சிறு பங்கு. எனக்கு ஓர் இரவு கிடைத்தது. 1985 முதல், 2008இல் பணி நிறைவு பெறும் வரை, தேர்ச்சிப் பதிவேட்டை மாலையில் பென்சிலால் மட்டுமே எழுதினேன். இரவு சாமாயிகம் முடிந்தபின் ஒவ்வொரு பெயராக நினைத்து, அப்பிள்ளையின் தாய் தந்தையர் முகம் நினைவில் எழுகிறதா, எழுந்தால் என் மனம் சுருங்குகிறதா என்று பார்த்தேன். காலையில்தான் மையால் எழுதுவது. ஓர் ஆண்டு மூன்று பெயர்களை அழித்து மாற்றினேன். பதிவேடு ஒருநாள் தாமதமானதற்கு விளக்கம் கேட்டுக் குறிப்பு வந்தது. வீட்டில் யோசிக்க வேண்டியிருந்தது என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.