நாய்க்குச் சோறும் நம் மனச்சான்றும்

கோம்பை என்னும் ஊரை அறியாதவர் நம் கம்பம் பள்ளத்தாக்கில் இரார். உத்தமபாளையம் வட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த அவ்வூரின் பெயரை ஒரு நாயினமும் தாங்கி நிற்கிறது. செம்பழுப்பு மேனியும் கருத்த முகவாயும் கொண்ட கோம்பை நாய், பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் பேர் பெற்றது. 2020 ஆகஸ்ட் 30 அன்று பாரதப் பிரதமர் தம் வானொலி உரையில் இந்திய நாயினங்களைப் புகழ்ந்தபோது இராசபாளையம், கன்னி, சிப்பிப்பாறை ஆகியவற்றோடு கோம்பையையும் குறிப்பிட்டார். நம் மண்ணின் நாய்க்கு வந்த பெருமையில் நமக்கும் சிறிது பங்குண்டு என்று மகிழ்ந்தவர்களுள் அடியேனும் ஒருவன்.

சில ஆண்டுகளுக்கு முன், அவ்வினக் குட்டி ஒன்றை ஒரு குடும்பத்தார் எங்கள் பங்கு இல்லத்திற்குக் கொடுத்தனர். நல்ல இனத்து நாய்க்கு நல்ல உணவு வேண்டும் என்று நகரத்து நண்பர் ஒருவர் அறிவுரை கூறினார். அவர் சொன்னபடி, கடையில் பையில் அடைத்து விற்கும் உயர்விலை உணவையே வாங்கினேன். மூன்று கிலோ பை ஆயிரம் ரூபாயை நெருங்கியது. ஒருநாள் காலைத் திருப்பலிக்குப் பின், இல்லத்தைத் துப்புரவு செய்ய வரும் மூதாட்டி அப்பையைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவருடைய மகள் விடியுமுன் ஜீப்பில் ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்பவர்.

“சாமி, இது என்ன விலை வருது?” என்று கேட்டார். சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “எம்மக ரெண்டு நாளு ஏலக்காய் எடுத்தா வர்ற கூலி சாமி” என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. கணக்கு மட்டுமே இருந்தது. அதனாலேயே அது என்னை அதிகம் சுட்டது. அன்று பகல் முழுவதும் என் செபம் அக்கணக்கைச் சுற்றியே வந்தது.

மறுநாள் முதல் பையை நிறுத்திவிட்டேன். சமையலறையில் மிஞ்சிய சோறும் இரசமும்தான் குட்டிக்கு. வறியோர் மீது கொண்ட அன்பினால் இதைச் செய்கிறேன் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். இரண்டு மாதங்களில் குட்டியின் விலா எலும்புகள் வெளியே தெரிந்தன, முடி உதிர்ந்தது, முன்கால்கள் சற்று வளைந்தன. கால்நடை மருத்துவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஃபாதர், இது நோயில்லை, பட்டினி. வயிறு நிறைந்த பட்டினி” என்றார். வளரும் குட்டிக்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். வெறுஞ்சோற்றில் அவை போதிய அளவில் இல்லை.

இவ்வாறு ஒரே நாயின் பொருட்டு இருமுறை தவறினேன். முதல் முறை செய்தது பெருமைக்காக. இரண்டாம் முறை செய்தது பெருமையை மறைப்பதற்காக. மூதாட்டியின் கேள்விக்கு நான் அளித்த விடை, என் செலவைக் குறைத்ததேயன்றி அவர் மகளின் கூலியை ஒரு காசும் உயர்த்தவில்லை. நாயிடமிருந்து எடுத்ததை நான் எந்த ஏழைக்கும் கொடுக்கவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

அன்பு வாசகரே, இது சிறிய செய்திதான். எனினும் நம் இல்லங்களில் நாய் வளர்ப்போர் பெருகிவரும் இந்நாளில், இதன் அறப்பொருளை ஆராய்வது வீண் வேலையன்று.

திருச்சபை இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, 2415 முதல் 2418 வரையுள்ள எண்களில் விலங்குகளைப் பற்றிக் கூறுகிறது. அவற்றைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கே முரணானது என்கிறது. அதே மூச்சில், மனிதரின் துயர் துடைக்க முதலில் செலவிட வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது என்கிறது. இவ்விரு கூற்றுகளில் நமக்கு வசதியான ஒன்றை மட்டும் பற்றிக்கொள்வதே நம் சோதனை. செல்வர் முதற்கூற்றையும், கஞ்சர் இரண்டாம் கூற்றையும் கேடயமாகப் பிடிப்பர். நான் அடுத்தடுத்த மாதங்களில் இரண்டையும் பிடித்தவன்.

விவிலியமும் இவ்விரு பக்கங்களையும் காட்டுகிறது. போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டலாகாது என்பது இணைச்சட்டம் தரும் கட்டளை. உழைக்கும் உயிர் தன் உழைப்பின் இடத்திலேயே உண்ண வேண்டும் என்பது அதன் கருத்து. கானானியப் பெண்ணின் நிகழ்ச்சியில், உணவு முதலில் பிள்ளைகளுக்கே என்னும் வரிசை காட்டப்படுகிறது. ஆனால் மத்தேயு அங்கே கையாளும் கிரேக்கச் சொல் தெருநாயைக் குறிப்பதன்று. வீட்டுக்குள் வளரும் சிறு நாயைக் குறிப்பது. பிள்ளைகள் மேசையருகே அமர்ந்திருக்க, நாய் அதனடியில் இருக்கிறது. வரிசை உண்டு, விலக்கி வைத்தல் இல்லை.

நாய்க்கு உரிமை உண்டா என்று இறையியலார் வாதிடுவர். புனித தோமா அக்குவினார், விலங்குகளிடம் கொடுமை காட்டுபவன் மனிதரிடமும் கொடியவனாவான் என்னும் காரணத்தால் அக்கொடுமையை விலக்கினார். அதற்கும் மேலே ஒரு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. காட்டு விலங்கு தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும். நாம் சங்கிலியிட்டுக் கட்டிய நாய்க்கு அவ்வழி அடைபட்டது, அடைத்தவர் நாம். ஆகவே அதற்கு நாம் இடும் சோறு பிச்சையன்று, கடன். அக்கடனை அடைக்க இயலாதவர் நாயை ஏற்காதிருப்பதே நேர்மை. குட்டியை அன்பளிப்பாகப் பெறும் நாளில் இக்கணக்கை யாரும் பார்ப்பதில்லை, நானும் பார்க்கவில்லை.

அப்படியானால் தகுந்த உணவு எது? இங்கே பக்தி போதாது, அறிவும் வேண்டும். நாய் ஓநாயின் வழிவந்ததாயினும் ஓநாயன்று. 2013-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுப் படிகள் ஓநாயைவிட நாய்க்கு மிகுதி என்று காட்டியது. மனிதரோடு வாழ்ந்து, மனிதரின் தானியத்தை உண்ணக் கற்ற விலங்கு அது. ஆகவே வேகவைத்த சோறும் கேழ்வரகும் அதற்கு ஆகும். ஆனால் அவை மட்டும் ஆகா.

இருபது கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1000 கலோரி வேண்டும். 200 கிராம் அரிசியோ கேழ்வரகோ, இரண்டு வேகவைத்த முட்டை, 100 கிராம் எலும்பு நீக்கிய கோழி இறைச்சி, சிறிது பூசணி அல்லது கேரட் ஆகியவை சேர்ந்தால் அவ்வளவு கிடைக்கும். சுண்ணாம்புச் சத்தை மருத்துவர் சொல்லும் அளவில் தனியே சேர்க்க வேண்டும். வளரும் குட்டிக்கும் சினை நாய்க்கும் கணக்கு வேறு. அதையும் மருத்துவரிடமே கேட்க வேண்டும். தேனியில் 2020-இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியும் இன்று நமக்கு அருகிலேயே இருக்கிறது.

பை உணவை நான் பழிக்கவில்லை. உலர் உணவு கிலோவுக்கு ஏறக்குறைய 3500 கலோரி தருவதால், அதே நாய்க்கு 300 கிராமுக்குள் போதும். பையின் விலையைப் பார்த்து மலைப்பதும் தவறு, மயங்குவதும் தவறு; ஒருநாள் செலவு என்ன என்று பார்ப்பதே அறிவுடைமை. அவ்வாறு பார்த்தபோது, நடுத்தர விலையுள்ள பைக்கும் முட்டையிட்ட சோற்றுக்கும் இடையே பெரிய வேறுபாடில்லை என்று கண்டேன். நான் வாங்கிய உயர்விலைப் பையில் கூடுதலாக இருந்தது பெரும்பாலும் என் பெருமைதான்.

இப்பள்ளத்தாக்கில் வாழ்வோர்க்கு ஒரு சொல் கூடுதலாகக் கூற வேண்டும். நம் திராட்சை நமக்கு இனிது, நாய்க்கு நஞ்சு. சில பழங்கள்கூட அதன் சிறுநீரகத்தைப் பழுதாக்கலாம். வெங்காயம், பூண்டு, சாக்லேட் ஆகியவையும் ஆகா. வெந்த கோழி எலும்பு கூராக முறிந்து குடலைக் கிழிக்கும். பாசத்தால் நம் தட்டிலிருந்து எடுத்துப் போடும் பலவும் அதற்குத் தீங்கே. அன்பு என்பது நமக்குப் பிடித்ததைக் கொடுப்பதன்று, பிறர்க்கு ஏற்றதை அறிந்து கொடுப்பது என்பதை நாயின் கலமும் கற்பிக்கிறது.

இன்னொரு கேள்வி என்னிடம் பலமுறை கேட்கப்பட்டது: நியாயவிலைக் கடையில் பெறும் அரிசியை நாய்க்கு இடலாமா? தமிழகத்தில் 2011 ஜூன் முதல் அவ்வரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. அது பசித்த மனிதருக்கென்று பொதுப்பணத்தில் தரப்படுவது. அவ்வரிசியையே உண்டு வாழும் ஏழை, தன் கலத்திலிருந்து தன் நாய்க்குப் பகிர்ந்தால் அது ஈகை. அவர் மனம் கலங்க வேண்டியதில்லை. தாம் கடையில் நல்லரிசி வாங்கி உண்டு, அட்டைக்கு வந்த அரிசியை நாய்க்கென ஒதுக்குபவர் மட்டும் சிந்திக்கட்டும். முல்லைப் பெரியாற்று நீர் பாயும் வயல்களில் நாற்று நடுவோரின் முதுகை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். நெல்லின் அருமை நமக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதன்று.

என் மேசைக்கு வருகிறேன். இன்று எங்கள் நாய் சோறும் கேழ்வரகும் முட்டையும் உண்கிறது. முட்டையை அம்மூதாட்டியிடமே, அவர் வளர்க்கும் கோழிகளிடமிருந்து, உரிய விலை கொடுத்து வாங்குகிறேன். உயர்விலைப் பைக்குச் சென்ற தொகையில் மிஞ்சுவதை ஒரு மாணவியின் படிப்புக்கென மாதந்தோறும் எடுத்து வைக்கிறேன். இதனால் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று நான் எண்ணவில்லை. ஏலத்தோட்டத்து ஜீப் இன்றும் விடியுமுன் என் சன்னலைக் கடந்து செல்கிறது; அந்த ஒலி கேட்கும்போதெல்லாம் பழைய கேள்வி திரும்புகிறது. அது திரும்பாத நாள் வந்தால்தான் நான் அஞ்ச வேண்டும்.

ஆகஸ்ட் 16 அன்று நாம் நினைவுகூரும் புனித ரோக் கொள்ளைநோயுற்றுக் காட்டில் கிடந்தபோது, ஒரு நாய் நாள்தோறும் அவருக்கு அப்பம் கொண்டுவந்தது என்பது மரபு. அந்த அப்பம் யாரோ ஒருவருடைய மேசையிலிருந்து வந்தது. நாயின் தலைவர் அதைப் பின்தொடர்ந்து சென்று நோயாளியைக் கண்டார் என்றும் அம்மரபு கூறும். நாம் நம் நாய்க்கு இடும் உணவைப் பின்தொடர்ந்து சென்றால் யாரைக் காண்போம்? ஒவ்வொருவரும் தம் இல்லத்தில் இதைக் கேட்டுப் பார்க்கட்டும். நாய்க்கு வேண்டியதைக் குறைக்காமலும், வெளியே கிடப்பவரை மறவாமலும் கொடுக்கும் வகையை இறைவன் நமக்குக் கற்பிப்பாராக.