என்ன விசேஷம்?

அந்த நோட்டில் தீபாவளிக்கு இடமில்லை. கடைகளில் கணக்கு எழுதும் நீள நோட்டு அது. தேதி, பெயர், போன் நம்பர், எந்த வேளைச் சாப்பாடு, என்ன விசேஷம் என்று ஐந்து கட்டம் போட்டிருந்தார்கள். குழந்தைகள் இல்லத்தைப் பார்த்துக்கொள்கிற அம்மா பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். தீபாவளிக்குக் காலையில் இரண்டு பேர், மதியத்துக்கு மூன்று பேர், சாயங்காலம் பட்டாசும் இனிப்பும் கொடுக்க ஒரு ஜவுளிக்கடையும் ஓர் இளைஞர் மன்றமும்.

"பொங்கலும் முடிஞ்சிருச்சு சார். தை கழிஞ்சா மாசி பூரா காலியாத்தான் கெடக்கு. எந்தக் கிழமைன்னாலும் எழுதிக்கங்க" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது? அதே நாற்பது பிள்ளைகள், அதே சோறு, அதே செலவு. ஆனாலும் தீபாவளிக்குக் கொடுக்கக் கிளம்பிப் போனவனுக்கு மாசி மாதத்துப் புதன்கிழமை ருசிக்கவில்லை. ஏன் ருசிக்கவில்லை என்பது வண்டியை எடுக்கும்போதே தெரிந்துவிட்டது. வீடு வந்து சேரும்வரை அதை ஒத்துக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

அந்தத் தீபாவளிக்கு, எழுதிவைத்திருந்த மூன்று பேரில் ஒருவரான நண்பரோடு ஒட்டிக்கொண்டு போனேன். பன்னிரண்டரைக்கு முதல் பிரியாணி. இரண்டாவது சாப்பாடு வேனோடு வாசலில் காத்திருந்தது. எங்களுடையது மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் பேனர் மாறியது, பாட்டு மட்டும் மாறவில்லை. சாயங்காலம் இனிப்புப் பெட்டி கொடுத்துப் படம் எடுத்தபோது ஒன்பது வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை, யாரும் சொல்லாமலே, தன் கையிலிருந்த பெட்டியைத் திருப்பிப் பிடித்தாள். கடை பெயர் கேமராவுக்குத் தெரியவேண்டுமாம். பக்கத்திலிருந்த சின்னவனின் பெட்டியையும் அவளே திருப்பிவிட்டாள். சாப்பிட முடியாத லட்டுகளைப் பிள்ளைகள் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்ததையும் விடிவதற்குள் எறும்பு வந்துவிட்டதையும் அந்த அம்மா பிற்பாடு சொன்னார். "மறுநாள் எறும்புதான் சார் தீபாவளி கொண்டாடுச்சு."

இதைக் கிண்டல் செய்வது சுலபம். எனக்கு அந்த உரிமை இல்லை. நான் கடைக்காரர் மகன். பேனர் கட்டித் தருமம் செய்த தெருவில் வளர்ந்தவன்.

மதுரை புதூரில் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. சித்திரைத் திருவிழாவுக்கு கள்ளழகர் மலையிலிருந்து இறங்கி, மூன்றுமாவடியில் மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை ஏற்று, எங்கள் புதூர் வழியாகத்தான் தல்லாகுளம் போவார். மறுநாள் வைகையில் இறங்குவார். வழியெங்கும் நூற்றுக்கணக்கான மண்டபங்களில் அவருக்கு மண்டகப்படி. ஒரு ஊரோ, ஒரு சமூகமோ, ஒரு தொழிலைச் சேர்ந்தவர்களோ சாமி வந்து தங்கிப்போகும் செலவைத் தலைமுறை தலைமுறையாக ஏற்றுக்கொள்கிற ஏற்பாடு அது. எங்கள் தெருக் கடைக்காரர்களுக்கு அந்த அளவு வசதி இல்லை. நாங்கள் வைத்தது தண்ணீர்ப்பந்தல். நாலு மூங்கில், மேலே தென்னங்கீற்று, கீழே அண்டா நிறைய நீர்மோர்.

தயிர் பால் டிப்போக்காரருடையது. மல்லித்தழையும் கறிவேப்பிலையும் காய்கறிக் கடைக்காரர் தருவார். பெருங்காயமும் உப்பும் எங்கள் கடையிலிருந்து. இஞ்சியையும் பச்சைமிளகாயையும் முதல்நாள் ராத்திரியே இடித்து வைப்பார்கள். உப்பு விஷயத்தில் வருஷம் தவறாமல் சண்டை வரும். ஒரு வருஷம் யாரோ மீன் ஐஸை வாங்கி வந்துவிட்டார்கள், ஒரு அண்டா மோர் முழுக்கச் சாக்கடைக்குப் போனது. இப்போது திருவிழா அன்னதானத்துக்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யச் சொல்கிறார்கள். சாமி காரியத்துக்கு லைசென்ஸா என்று கோபப்படுகிறவர்களைக் கண்டால் எனக்கு அந்த அண்டாதான் ஞாபகம் வரும்.

பேனரில் பதினோரு கடைகளின் பெயர் இருக்கும். யார் பெயர் மேலே என்பதில் உப்பைவிடப் பெரிய சண்டை. பேனரில் வராதவர்கள் லோடுமேன்கள். விடிகாலை நாலு மணிக்கு வந்து, லாரித் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றியவர்கள் அவர்கள்தான். அவர்கள் பெயரையும் போடலாம் என்று அப்பா ஒருதடவை சொன்னபோது அவர்களில் மூத்தவர் பதறிப்போனார். "வேணாம்ணே. இன்னிக்குக் கூலி வாங்கலைன்னு வீட்டுக்குத் தெரிஞ்சிரும்."

டம்ளர் எடுத்துக் கொடுக்கிற வேலை எங்களைப் போன்ற பையன்களுக்கு. அப்பா ஒரே ஒரு விதிதான் வைத்திருந்தார். "மூஞ்சியைப் பாக்காதே, கையைப் பாரு." வேகத்துக்காகச் சொன்னது என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்த்தால் தெரிந்தவரா என்று கண் நிற்கும், சிரிக்கத் தோன்றும், அதற்குள் பத்துக் கை நீண்டுவிடும். கையை மட்டும் பார்த்தால் வரிசை நகரும். வளையல் போட்ட கை, சிமெண்டு அப்பிய கை, மருதாணிக் கை, லத்தி பிடித்த கை. அழகர் வேஷம் கட்டித் தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவரின் கை. சாலையோரம் காரை நிறுத்திவிட்டு வந்த டாக்டரின் கை. அவருக்குப் பின்னால் கோயில் வாசலில் பிச்சை எடுக்கிறவரின் கை. ஒருவர் ஆறு டம்ளர் குடித்தார். ஏன் ஆறு என்று யாரும் கேட்கவில்லை.

அந்த வரிசையில் யார் ஏழை என்று யாருக்கும் தெரியாது. திருவிழாத் தருமத்தில் நான் மதிப்பது இந்த ஒன்றைத்தான். அன்றைக்கு வாங்கிக் குடிப்பது திருவிழாவின் ஒரு பகுதி. மறுநாள் அதே டாக்டரிடம் யாராவது ஒரு டம்ளர் மோரை இலவசமாக நீட்டினால் அவர் என்ன ஏது என்று கேட்பார்.

எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று சொன்னால் பொய். பழைய தண்ணீர்ப்பந்தல்களில் சிலருக்குச் செம்பு, சிலருக்குக் குவித்த கை. அந்தக் கையில் எட்ட நின்று மேலேயிருந்து ஊற்றினார்கள். தருமம் செய்துகொண்டே அவமானமும் செய்ய முடியும் என்பதற்கு நம் ஊரில் வேறு சாட்சி தேவையில்லை.

பெயர் போடுவது பற்றி யோசிக்கும்போதெல்லாம் அப்பூதியடிகள் ஞாபகத்துக்கு வருகிறார். திங்களூரில் அவர் தண்ணீர்ப்பந்தல் வைத்தார், குளம் வெட்டினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. எல்லாவற்றுக்கும் வைத்த பெயர் திருநாவுக்கரசு. அதுவரை நேரில் பார்த்திராத ஒருவரின் பெயர். அந்த வழியாக வந்த திருநாவுக்கரசரே, உம் பெயரை விட்டுவிட்டு வேறொருவர் பெயரை ஏன் எழுதினீர் என்று கேட்க, தன் எதிரே நிற்பவர் யாரென்று தெரியாத அப்பூதியடிகளுக்குக் கோபம் வந்துவிடுகிறது. ஆக அந்தக் காலத்திலும் பந்தலில் சொந்தப் பெயர் இருப்பதுதான் வழக்கம். இல்லாவிட்டால் அப்படியொரு கேள்வியே எழுந்திருக்காது. எங்கள் தெருவின் பதினோரு பெயர்களை நான் குற்றமாக நினைக்கவில்லை. மோர் குடித்தவர்கள் யாரும் அண்ணாந்து பேனரைப் படித்ததாகத் தெரியவில்லை. படித்துவிட்டுத்தான் குடிக்கவேண்டும் என்று நாங்கள் சொன்னதும் இல்லை. அந்தப் பெண் குழந்தைக்கோ பெட்டியைத் திருப்பிப் பிடிக்கவேண்டியிருந்தது.

பண்டிகை ஒருநாளில் முடிந்துவிடும், பசி முடியாது என்பது பழைய வியாபாரிகளுக்கும் தெரிந்தேயிருந்தது. கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் அப்பா சரக்கு எடுத்துவந்த சீட்டுகளில் 'மகமை' என்று ஒரு வரி இருக்கும். வாங்கும் சரக்குக்கு இவ்வளவு என்று ஒரு சின்னத் தொகை பொதுக் காரியத்துக்குப் பிரிந்துவிடும். தென்மாவட்டங்களில் நாடார் உறவின்முறைகள் இந்த மகமையைக் கொண்டுதான் பேட்டைகளையும் பள்ளிக்கூடங்களையும் எழுப்பின. விருதுநகரில் வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்துவைத்துப் பள்ளி நடத்தினார்கள். காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை அது. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசி தனிப் பானைக்குப் போகிறது. அதற்கு விசேஷம் எதுவும் வேண்டாம், அன்றைக்குச் சமைத்தால் போதும். வடலூரில் 1867 மே 23 அன்று வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அந்த அடுப்புக்குத் தீபாவளியும் தெரியாது, மாசி மாதமும் தெரியாது. தருமத்தை நாளோடு கட்டாமல் தொழிலோடும் உலையோடும் கட்டிவிட்ட இந்தச் சாமர்த்தியத்தை, ஜிஎஸ்டி பில் அடிக்கிற நாம் எங்கே தொலைத்தோம் என்று தெரியவில்லை. பில்லில் இன்னொரு வரி சேர்ப்பது இன்றைக்குத்தான் ரொம்பச் சுலபம்.

2020 சித்திரையில் கொரோனா ஊரடங்கு, அழகர் ஆற்றில் இறங்கவில்லை. பந்தல் கிடையாது. கடைகளுக்கும் மணிக்கணக்கு. எங்கள் தெருக்காரர்கள் பந்தல் காசில் அரிசி, பருப்பு, எண்ணெய், புளி என்று பை கட்டினார்கள். மோருக்குத் தண்ணீர் சுமந்த அதே லோடுமேன்கள் பையையும் கட்டினார்கள். அவர்களுக்கே அந்தப் பை தேவைப்பட்ட சமயம் அது. முதலில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அப்பா சொல்லியும் வரிசை முடிகிறவரை அவர்கள் தொடவில்லை.

ஒரே ஆள் இரண்டு தடவை வாங்கிவிடக் கூடாது என்று ரேஷன் கார்டைப் பார்த்துப் பெயர் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அந்த நோட்டு வந்ததும் நாங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கினோம்.

எங்கள் கடைக்கு எதிர்ச் சந்தில் ஒரு தையல்காரர். இருபது வருஷம் எங்கள் பந்தலில் மோர் குடித்தவர். அந்த வருஷம் பள்ளிச் சீருடையும் இல்லை, கல்யாண ஜாக்கெட்டும் இல்லை. வரிசை ஆரம்பிக்கும் இடம்வரை வந்தார். நோட்டைப் பார்த்தார். யாரிடமோ பேச வந்தவர்போல் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பிப் போனார்.

மறுநாள் அப்பா என்னை அனுப்பி அவரைக் கடைக்குக் கூட்டிவரச் சொன்னார். பையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "என்னப்பா, ரெண்டு மாசமா நம்ம கடைப் பக்கமே காணோம். சரக்கு வேற எங்கயும் எடுக்கிறியா?" என்று சண்டை போடுகிற மாதிரி கேட்டார். பிறகு, மாசச் சாமானைக் கட்டிக் கடன் நோட்டில் அவர் பெயருக்கு நேரே எழுதிக்கொண்டார். அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும்.

ஐப்பசியில் தையல்காரர் ஐந்நூறு ரூபாய் கொண்டுவந்தார். அப்பா எண்ணிப் பார்த்துக் கல்லாவில் போட்டார். அதற்கடுத்த மாதம் முந்நூறு. அதையும் எண்ணித்தான் வாங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் போனபிறகு, "ஊருக்கே சும்மா குடுத்தோம், இவர்கிட்ட எதுக்குப்பா வாங்குறீங்க?" என்றேன்.

"வாங்கலைன்னா அது தருமமாயிரும்டா" என்றார் அப்பா. கடன் நோட்டை மூடி மேசைக்குள் வைத்துவிட்டு ஈரோட்டு மஞ்சள் விலையை விசாரிக்கப் போனை எடுத்தார்.

அப்பா இப்போது இல்லை. பந்தல் நடக்கிறது. பேனரில் பெயர்கள் பதினேழாகிவிட்டன. எவர்சில்வர் டம்ளர் போய் பிளாஸ்டிக் வந்து, இப்போது காகிதக் கப். சாமி போனபின் தெருவெல்லாம் அந்தக் கப்தான் கிடக்கிறது, அதைப் பொறுக்குகிறவர்களின் பெயரும் பேனரில் இல்லை. தீபாவளிக்கு மூன்று பிரியாணி கொண்டுவந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, நானும் அவர்களில் ஒருவன்தான். நல்ல நாளில் நம் வீட்டில் இலை விழும்போது வேறு எங்கோ விழவில்லையே என்று உறுத்துவதால்தான் கிளம்பிப் போகிறோம். அந்த உறுத்தலை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அது நம் இலையைப் பார்த்து வந்த உறுத்தல். அதனால் நம் பண்டிகைத் தேதியையே கேட்கிறது.

தை கழிந்து ஒருநாள் அந்த இல்லத்துக்கு மறுபடி போனேன். நோட்டு வந்தது. மாசியில் அங்கங்கே ஒரு பிறந்தநாள், ஒரு நினைவுநாள், மற்றபடி வெள்ளைத்தாள். வரும் புதன்கிழமை ராத்திரி என்றேன். அந்த அம்மா தேதி எழுதினார், பெயர் எழுதினார், போன் நம்பர் எழுதினார். கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது.

"என்ன விசேஷம்னு போடட்டும் சார்?"

"புதன்கிழமைன்னு போடுங்கம்மா."

என்னை ஒருதடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு அப்படியே எழுதினார். பேனர் உண்டா, எத்தனை பேர் வருவீர்கள், பிள்ளைகளை எத்தனை மணிக்குப் பாட நிறுத்தவேண்டும் என்று வரிசையாகக் கேட்டார். எதுவும் இல்லை, அவர்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டால் போதும், சமையல் இங்கேயே ஆகட்டும், சாமான் அனுப்பிவிடுகிறேன் என்றேன். நோட்டை மூடப்போனவர் மறுபடி திறந்தார்.

"அப்படின்னா வடை பாயசமெல்லாம் வேணாம் சார். ரசம் கொஞ்சம் கூடுதலா இருந்தா நல்லது, பிள்ளைக விரும்பிக் குடிக்கும். அப்புறம் வெண்டைக்காய் மட்டும் அனுப்பாதீங்க. அத்தனையும் ஒதுக்கி வச்சிருவாங்க."