எவ்வளவு நலம் போதும்?

நோய் தீர்க்கும் ஒரு முறையை இன்னும் வலிமையுள்ளதாக்க இயலும் என்றால், அவ்வாறு ஆக்குவது மருத்துவரின் கடமையன்றோ? இவ்வினாவுக்கு ஆம் என்றே நானும் விடை கூறிவந்தேன். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடைபெற்று, 2024 டிசம்பரில் வெளியான ஓர் ஆய்வைப் படித்தபின் அவ்விடையில் சற்றுத் தயக்கம் பிறந்தது.

ஹீமோபிலியா-ஏ நோயுற்றோரின் குருதியில் எட்டாம் உறைபொருள் போதிய அளவில் இராது. சிறு அடி பட்டாலும், சிலவேளை அடி படாமலே, மூட்டுகளில் குருதி கசியும். இந்நோயுற்ற ஐந்து ஆடவர் ஆய்வுக்கு உடன்பட்டனர். அவர்களின் குருதியை ஆக்கும் ஸ்டெம் செல்களை, அதாவது குருத்தணுக்களை, வெளியே எடுத்து, அவ்வுறைபொருளுக்குரிய மரபணுவை அவற்றுள் செலுத்தி, மீண்டும் அவரவர் உடலிலேயே சேர்த்தனர். மரபணுவைச் சுமந்து சென்றது லெண்டிவைரஸ். எய்ட்ஸ் நோயை விளைவிக்கும் எச்.ஐ.வி. இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அதன் பெருகும் ஆற்றலை நீக்கி, உயிரணுவினுள் நுழையும் திறனை மட்டும் விட்டுவைக்கிறார்கள். கொல்ல வந்ததை ஏவலாளாக்கும் வித்தை இது!

ஆயினும் குருத்தணு எளிதில் கதவு திறப்பதில்லை. பெரும்பாலும் அது உறக்கநிலையில் இருப்பது. வைரஸ் பற்றிக்கொள்ளும் பிடிகளும் அதன்மேல் குறைவு. தூண்டி எழுப்பி நாள்கணக்கில் வெளியே வைத்திருந்தாலோ, தன் குருத்துத் தன்மையையே இழக்கத் தொடங்கும். எனவே நுழைவை எளிதாக்கும் துணைப்பொருள்களை அறிஞர் தேடினர். வேலூரில் முதல் இருவருக்கு அத்தகைய பொருள் சேர்க்கப்படவில்லை. அடுத்த மூவருக்குச் சேர்க்கப்பட்டது. நலமுள்ளோரின் உறைபொருள் அளவை நூறு எனக் கொண்டால், முதல் இருவர் பெற்றது ஏறத்தாழ 2, 5. பின்னவர் மூவர் பெற்றது 19 முதல் 40 வரை.

வேறுபாடு பெரிதே. ஆனால் கண்காணிக்கப்பட்ட காலத்தில் ஐவருள் எவருக்கும் குருதிக்கசிவு நேரவில்லை. குறைவாகப் பெற்ற இருவருக்கும்கூட. அங்ஙனமாயின் மிகுதியாகப் பெற்றவர் பெற்றது எது? விபத்தோ அறுவை சிகிச்சையோ நேரும்போது அது அரணாகும் என்பது நியாயமான விடை. ஐவரைக் கொண்டு அதற்கு மேல் முடிவு கட்டுவது அவசரம்.

மறுபக்கமும் உண்டு. உள்ளே செல்லும் மரபணுவின் ஒவ்வொரு படியும் குரோமோசோமில் எங்கோ ஓரிடத்தில் தைக்கப்படுகிறது; அந்த இடத்தைத் தெரிவு செய்வது நாமல்ல. படிகள் பெருகினால் தகாத இடத்தில் ஒன்று அமரும் வாய்ப்பும் பெருகும். இதற்கு முந்தைய தலைமுறை வைரஸ்களைக் கொண்டு பாரிசிலும் லண்டனிலும் நோயெதிர்ப்பாற்றலின்றிப் பிறந்த இருபது குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்தனர். பெரும்பாலோர் பிழைத்தனர், ஆனால் சில ஆண்டுகளில் ஐவருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது, ஒரு குழந்தை மாண்டது. லெண்டிவைரஸ் இதனினும் பாதுகாப்பானது என்றே அறிஞர் கருதினர், இன்றும் கருதுகின்றனர். எனினும் சிறுவரின் மூளையை அழிக்கும் ஒரு கொடிய நோய்க்கு அதைக் கொண்டு சிகிச்சை பெற்ற 67 பேரில் 7 பேருக்குக் குருதிப் புற்று தோன்றியதாக 2024இல் அறிவிக்கப்பட்டது. அங்கே படிகளின் எண்ணிக்கை மட்டுமன்று, மரபணுவை இயக்கச் சேர்த்த பகுதியின் மிகை வீரியமும் குற்றவாளி எனப்படுகிறது.

2008இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட 'திக்னித்தாஸ் பெர்சோனே' ஏடு, நோயாளியின் உடலணுக்களில் மட்டும் செய்யப்படும் மரபணுச் சிகிச்சையைக் கொள்கையளவில் ஏற்கிறது. ஆனால் தீர்க்க விரும்பும் நோயின் கடுமைக்கு மிஞ்சிய ஆபத்துக்கு நோயாளியை உட்படுத்தலாகாது என்றும், அவரது உடன்பாடு வேண்டுமென்றும் கேட்கிறது. மகன் கண்ணெதிரே சாகும் தாய் ஏற்கும் ஆபத்தை, ஊசிமருந்தால் வாழ்ந்துவரும் ஹீமோபிலியாக்காரர் ஏற்க வேண்டியதில்லை. ஒரே தொழில்நுட்பம், அளவுகோல் இரண்டு.

விலையையும் மறக்கலாகாது. தலசீமியாவுக்கான இத்தகைய சிகிச்சைக்கு அமெரிக்காவில் 2022இல் குறித்த விலை 28 இலட்சம் டாலர்! துணைப்பொருளால் குறைந்த வைரஸைக் கொண்டே அதே பயனை எய்தலாம் என்றால், சிக்கனத்திற்காக அதை வரவேற்பேன்; மிகுதிக்காக அல்ல.

உடன்பாட்டுத் தாளில் நோயாளி கையொப்பமிடும்போது தன் அணுக்களுள் எத்தனை படிகள் நுழையப்போகின்றன என்பதை அவரும் அறியார், மருத்துவரும் அறியார். அணுக்கள் ஆயத்தமான பிறகே எண்ணிப் பார்க்க இயலும். அதன்பின் பதினைந்து ஆண்டுகள் அவரைக் கண்காணிக்க வேண்டுமென்பது அமெரிக்க மருந்து ஆணையத்தின் நெறி. அன்று உடனிருந்த மருத்துவர் அதற்குள் ஓய்வு பெற்றிருக்கவும் கூடும்.