விழித்திருப்பவருக்கு ஒரு கடிதம்

கங்கைக் கரையில் உள்ளது சிருங்கிபேரபுரம். வனம் செல்லும் வழியில் ஸ்ரீராமரும் சீதாதேவியும் அங்கே புல்படுக்கையில் துயில்கின்றனர். சற்று விலகி, கையில் வில்லுடன் இலக்குவன் காவல் நிற்கிறான். வேடர் தலைவனான குகன் அவனை அணுகி, தானும் தன் ஆட்களும் காவல் காப்பதாகவும், அவன் சிறிது உறங்கலாம் என்றும் வேண்டுகிறான். அண்ணனும் அண்ணியும் வெறுந்தரையில் கிடக்கத் தனக்கு உறக்கம் ஏது என்று இலக்குவன் மறுத்துவிடுகிறான். குகன் தன் இருப்பிடம் திரும்பவில்லை. அவனும் கண்ணீருடன் அந்த இரவு முழுவதும் விழித்திருந்தான். பின்னாளில் பரதன் அங்கு வந்தபோது, இலக்குவன் கண் துஞ்சாமல் நின்ற செய்தியைக் குகனே அவனுக்கு எடுத்துரைத்தான்.

குகன் செய்தவை மூன்று. பிறர் உறங்கும்போது விழித்திருப்பவனை அவன் கவனித்தான். அவனது சிரமத்தில் பங்கு கேட்டான். அவன் அருகில் இல்லாத வேளையிலும் அவனது தொண்டை நன்றியுடன் நினைவுகூர்ந்தான். படைவீரர்களுக்கு எழுதப்படும் பாராட்டுக் கடிதத்தின் இலக்கணமும் இதுவே.

இன்று நாம் துயிலும் நேரத்தில் விழித்திருப்போர் பலர். 1984 ஏப்ரல் முதல் நமது வீரர்கள் சியாச்சின் பனியாற்றில் காவல் புரிகின்றனர். அங்குள்ள சில நிலைகள் 6,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் இருக்கின்றன. அங்கே குண்டுகள் பறித்த உயிர்களைவிடக் குளிரும் பனிச்சரிவும் பறித்தவையே மிகுதி. 2016 பிப்ரவரி 3 அன்று நேர்ந்த பனிச்சரிவு பத்து வீரர்களைப் புதைத்தது. ஆறு நாட்களுக்குப் பின் ஒருவர் மட்டும் உயிருடன் மீட்கப்பட்டார். சில நாட்களில் அவரும் மறைந்தார். அத்தகைய துயரம் நிகழும்போது நாடு ஒரு வாரம் கலங்குகிறது, பிறகு மறந்துவிடுகிறது.

‘வீரர் தம் கடமையைச் செய்கிறார், அதற்கு ஊதியமும் பெறுகிறார். மேலும், பலனை விரும்பாமல் கடமையாற்றுவதே கர்மயோகம் என்று கீதை போதிக்கிறது. அப்படியிருக்க, பாராட்டு எதற்கு?’ என்ற கேள்வி எழலாம். பலனை எதிர்பாராதிருப்பது கர்மயோகியின் தர்மம். பெற்ற நன்மையை உணராதிருக்க அது நமக்குத் தரப்பட்ட அனுமதி ஆகாது. பிறரிடமிருந்து பெற்றதை அனுபவித்துவிட்டுக் கைம்மாறாக எதையும் அளிக்காதவன் திருடனுக்கு ஒப்பானவன் என்பது கீதையின் மூன்றாம் அத்தியாயம் உணர்த்தும் கடுமையான உண்மை. ஊதியம் அரசு செலுத்தும் கடன். நன்றி ஒவ்வொரு குடிமகனும் செலுத்த வேண்டிய கடன். ஒன்றைச் செலுத்தியதால் மற்றொன்று தீர்ந்துவிடாது.

‘அகிம்சையைப் போற்றுபவர் போர்வீரரைப் பாராட்டலாமா?’ என்று தயங்குவோரும் உண்டு. பாராட்டு போரை விரும்புவதாகாது. அர்ஜுனனைப் போரிடச் சொன்ன பகவான், மனத்தின் கொதிப்பை அகற்றிவிட்டே போரிடச் சொன்னார். 1999 ஜூனில் கார்கில் போரின்போது, கேப்டன் விஜயந்த் தாப்பர் இறுதித் தாக்குதலுக்குப் புறப்படுமுன் தம் பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்தார். அவருக்கு வயது 22. பகைவர்மீது வெறுப்பை வளர்ப்பதற்கு அவர் அந்தக் கடிதத்தைப் பயன்படுத்தவில்லை. அனாதை இல்லத்திற்குப் பொருளுதவி செய்யுமாறும், தமக்குப் பழக்கமான ஒரு காஷ்மீரச் சிறுமிக்கு மாதந்தோறும் ஐம்பது ரூபாய் அனுப்புமாறும் அவர் அதில் கேட்டுக்கொண்டார். ஜூன் 29 அன்று அவர் வீரமரணம் அடைந்தார். மரணத்தின் வாயிலில் நின்றவரின் கடிதத்தில் இவ்வளவு கருணை இருந்ததென்றால், பாதுகாப்பாக வீட்டில் அமர்ந்து நாம் எழுதும் கடிதத்தில் துவேஷத்திற்கு இடமில்லை.

கடிதம் எழுதுவதும் ஒரு சாதனையாகலாம். போர்முனையில் இருக்கும் வீரரின் முகவரியில் ஊர்ப்பெயர் இராது. அவரது எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவற்றுடன் ‘56 ஏபிஓ’ அல்லது ‘99 ஏபிஓ’ என்று மட்டும் எழுத வேண்டும். ராணுவ அஞ்சல் படையினர் அதை உரியவரிடம் சேர்ப்பர். எழுதியவருக்கு அவர் எங்கே இருக்கிறார் என்பது தெரியாது. பதில் வரும் என்ற உறுதியும் இல்லை. இவ்வாறு பலனை நாடாமல் எழுதும்போது வீரரின் நிஷ்காம கர்மத்தில் நாமும் சிறிது பங்கு பெறுகிறோம். நீண்ட புகழுரை தேவையில்லை. ‘தங்கள் காவலால் என் குழந்தைகள் அச்சமின்றிப் பள்ளி செல்கின்றனர், தங்கள் நலனுக்காக நாள்தோறும் பிரார்த்திக்கிறோம்’ என்ற இரண்டு வரிகள் உண்மையுடன் இருந்தால் போதும்.

இதைவிடக் கடினமான சோதனை ஒன்று உண்டு. தொலைவில் உள்ள வீரரைப் போற்றுவது எளிது. அருகில் உள்ளவரை உணர்வது அரிது. சிப்பாய்களில் பலர் நாற்பது வயதை ஒட்டியே ஓய்வுபெற்று விடுகின்றனர். பின்பு வங்கியின் வாசலிலும் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிலிலும் காவலராகப் பணிபுரிகின்றனர். எல்லையில் இருப்பவரை உள்ளம் உருகப் பேசுபவர், வாசலில் நிற்கும் அந்த முன்னாள் வீரரின் வணக்கத்திற்குத் தலையசைக்கவும் மறந்து கடந்து செல்கிறார். சீருடையைக் களைந்ததும் நம் கடன் களையப்பட்டு விடுவதில்லை. உயிர்நீத்த வீரரின் முதிய தாயும் மனைவியும் நம் ஊரிலேயே இருக்கக்கூடும். இலக்குவனின் காவலைப் போற்றுகிறவர்கள், அயோத்தியில் பதினான்கு ஆண்டுகள் பிரிவைத் தாங்கிய ஊர்மிளையையும் நினைக்க வேண்டும்.

ஃபீல்ட் மார்ஷல் கரியப்பா 1953-இல் ஓய்வுபெற்ற ஜனவரி 14, முன்னாள் படைவீரர் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. டிசம்பர் 7, 1949 முதல் கொடிநாளாக இருந்து வருகிறது. இந்நாட்களில் உண்டியலில் இடும் பணத்துடன், இல்லத்தில் அனைவரும் சேர்ந்து ஒரு கடிதமும் எழுதலாம். முகவரி தெரியாவிடில் மாவட்டத்தில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம். அடுத்த தெருவில் இருப்பவருக்கு என்றால் அஞ்சல்தலையும் வேண்டாம். குழந்தைகளை அழைத்துக்கொண்டு நேரில் சென்று, கடிதத்தைக் கொடுத்து வணங்கி, சற்று நேரம் அமர்ந்து அவர் சொல்வதைக் கேட்டு வரலாம்.

குகனால் இலக்குவனின் காவலைக் குறைக்க இயலவில்லை. ஆனால் அந்த இரவில் இலக்குவன் தனியாக நிற்கவில்லை.